அடைமழைக்கு முன் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டை உயர்த்தியது: தண்டையார்பேட்டை நிகழ்வு ஆய்வு

வண்டியும் கோரிக்கையும்

தண்டையார்பேட்டையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு சந்தில் வசிக்கும், துறைமுகப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், தம் தந்தை புதிதாக வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். நான்கு கதவு, 948 சி.சி. பெட்ரோல் எஞ்சின், நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலை வரை ஒரு சுற்று, பௌர்ணமியன்று திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயில், எப்போதாவது பெரம்பூரில் மகள் வீடு என்று அதன் பயணங்கள் குறுகியவை. ஆனால் அவை ஆண்டு முழுவதும் நடப்பவை, மழைக்காலம் என்று நிறுத்தி வைக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. புரட்டாசியில் வண்டியை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் கேட்டது ஒன்றுதான்: ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வண்டியை 2 அங்குலம் உயர்த்தித் தர வேண்டும்.

பனி பெய்யும் நாடுகளில் பழைய கார்களைக் குளிர்காலத்துக்காக உயர்த்துவது உண்டு. சக்கரத் தடங்களுக்கு நடுவே இறுகிக் கிடக்கும் பனிமேடு வண்டியின் அடியில் உரசாமல் இருக்க வேண்டும் என்பது அங்கே நோக்கம். வடசென்னையில் அந்த இடத்தை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை எடுத்துக்கொள்கிறது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் பெய்கிறது. மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி மூடிய பள்ளங்கள், சாலை மட்டத்துக்கு மேலே துருத்தி நிற்கும் பாதாளச் சாக்கடை மூடிகள், சந்துக்குச் சந்து அந்தத் தெருவாசிகளே சிமென்ட் குழைத்துக் கட்டிக்கொண்ட வேகத்தடைகள் ஆகிய எல்லாமே தண்ணீருக்கு அடியில் மறைந்துவிடும் பருவம் இது. முந்தைய மழைக்காலத்தில் இப்படி மறைந்திருந்த ஒரு மூடியில் மோதி இந்த வண்டியின் சைலன்சர் குழாய் நசுங்கியிருந்தது. ஆகவே கோரிக்கை நியாயமானதே.

அவர் எங்களிடம் வருமுன் வேறொரு யோசனையையும் கேட்டு வந்திருந்தார். 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்டாகி எண்ணூரில் லாரி செய்யத் தொடங்கிய காலம் முதல், துறைமுகத்துக்குப் போய்வரும் சரக்கு லாரிகளின் புண்ணியத்திலும், வடசென்னையில் ஸ்பிரிங் பட்டறைகளுக்குக் குறைவில்லை. அப்படியொரு பட்டறையில், பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு எஃகுப் பட்டை கூடுதலாகச் சேர்த்து, முன்னால் ஸ்பிரிங்குக்கு அடியில் ரப்பர் வைத்தால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். லாரிக்கும், அம்பாசடருக்கும், பிரீமியர் பத்மினிக்கும் அந்த யோசனை ஓரளவு பொருந்தும். அவற்றின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைக்கும் முழு ஆக்சில், அதன் இரு முனைகளிலும் நீளவாக்கில் பட்டை. ஹெரால்டின் பின்பக்கம் அந்த இனத்தைச் சேர்ந்ததல்ல. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகள் அனைத்தும் அந்த ஒரு வேறுபாட்டிலிருந்து பிறந்தவை.

உயர்த்துமுன் அளந்தது

எவ்வளவு உயர்த்துவது என்று பேசுவதற்கு முன், இருந்த உயரம் எங்கே போனது என்று பார்ப்பது முறை. அரை நூற்றாண்டு ஓடிய காரில் உயரக் குறைவு என்பது பெரும்பாலும் இழந்த உயரமாகத்தான் இருக்கும். சமதளமான சிமென்ட் தரையில், பெட்ரோல் டாங்கு நிரம்பியிருக்க, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் அமர்ந்திருக்க, டயர் காற்றைச் சரிபார்த்த பிறகு அளந்தோம். வண்டியின் அடியில் மிகத் தாழ்வான இடம் சைலன்சர் குழாயின் முன் கிளாம்ப். தரையிலிருந்து 112 மி.மீ. சேஸிஸின் தாழ்ந்த பகுதி அதைவிட ஏறத்தாழ 40 மி.மீ. மேலே இருந்தது. அதாவது வண்டி தட்டுகிறது என்று உரிமையாளர் சொன்னது பெரும்பாலும் குழாய் தட்டியதுதான். அடியில் தெரிந்த உரசல் தடங்களும் அதையே காட்டின.

குழாய் ஏன் அவ்வளவு கீழே இருந்தது என்பதற்கு விடை எளிது. அதைத் தாங்கும் ரப்பர் தொங்கிகள் எப்போதோ அறுந்துபோக, கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கிளாம்பின் போல்ட்டும் தரையைப் பார்த்தபடி பூட்டப்பட்டிருந்தது. புதிய ரப்பர் தொங்கிகளைப் போட்டு, குழாயை அதன் இடத்துக்கு ஏற்றி, கிளாம்பைத் திருப்பி போல்ட்டைப் பக்கவாட்டில் வைத்ததும் 24 மி.மீ. கிடைத்தது. சஸ்பென்ஷனைத் தொடாமலே, கேட்ட உயரத்தில் ஏறக்குறைய பாதி வந்துவிட்டது. இந்த வேலைக்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதை உரிமையாளரிடம் சொன்னபோது அவருக்குச் சற்று ஏமாற்றம்தான். பெரிய வேலை என்று மனத்தைத் தயார்செய்துகொண்டு வந்தவர்களுக்கு அப்படி இருப்பது இயல்பு.

அடுத்தது டயர். ஹெரால்டுக்கு முதலில் வந்தவை 5.20-13 என்ற அளவுள்ள பழைய வகை டயர்கள். அவை கிடைக்காமல் போனபின் யாரோ மாருதி ஜென்னுக்கு உரிய 145/70 ஆர்13 டயர்களைப் பூட்டியிருந்தார்கள். ரிம் ஒன்றே என்பதால் அது உட்காரும். ஆனால் டயரின் பக்கச்சுவர் உயரம் 145இல் 70 விழுக்காடு, அதாவது 101.5 மி.மீ.தான். வேகன் ஆரில் வந்த 145/80 ஆர்13 டயரில் அது 116 மி.மீ. ஆகவே டயரை மாற்றினாலே வண்டி முழுதும் 14 மி.மீ. உயரும். ரெனோ க்விட்டுக்கு உரிய 155/80 ஆர்13 போட்டால் இன்னும் 8 மி.மீ. கிடைக்கும் என்று உரிமையாளர் கணக்குப் போட்டு வந்தார். கணக்கு சரியே, ஆனால் இந்த வண்டியின் ரிம் மூன்றரை அங்குல அகலம் மட்டுமே உள்ளது. அதில் 155 அகல டயரைப் பிதுக்கி உட்காரவைத்தால் திருப்பத்தில் பக்கச்சுவர் துவளும். துவளும் பின்டயரைச் சற்றும் தாங்காத வண்டி ஹெரால்ட். ஆகவே 145/80 என்று முடிவாயிற்று. முதலில் வந்த டயரின் அளவோடு வெளிவிட்டம் நெருங்கியதால் ஸ்பீடாமீட்டரின் மிகைக் காட்டலும் 5 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது.

மீதி இழப்பு ஸ்பிரிங்குகளில் இருந்தது. முன்பக்கம் வலது மூலை இடதைவிட 6 மி.மீ. தாழ்ந்திருந்தது, பெரும்பாலும் ஓட்டுநர் மட்டுமே அமர்ந்து ஓடிய வண்டிகளில் இது வழக்கமாகக் காணப்படுவது. பின்பக்கம் பட்டை நன்றாகத் தளர்ந்து, இரு பின்சக்கரங்களின் தலைகளும் உள்நோக்கிச் சாய்ந்து நின்றன. சாய்வை அளந்தபோது இரு பக்கமும் ஏறத்தாழ 3 பாகை நெகட்டிவ் கேம்பர் இருந்தது.

பின்பக்கம் விதித்த எல்லை

ஹெரால்டில், எஞ்சின் விசையைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் ஆக்சிலோடு சேர்ந்து ஏறி இறங்குவதில்லை; அது சேஸிஸில் பூட்டப்பட்டது. அதன் இருபுறமும் ஒவ்வொரு அரை ஷாஃப்ட் வெளியே வருகிறது. ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் உள்முனையில் மட்டும் ஒரு குறுக்கு மூட்டு உண்டு. வெளிமுனையில் மூட்டு இல்லாமல் சக்கரம் ஷாஃப்ட்டோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கிறது. எனவே சக்கரம் மேலும் கீழும் அசையும்போது அந்த உள்மூட்டையே கீலாகக் கொண்டு வில்போல் சுழல்கிறது. டிஃபரன்ஷியலின் தலைமேல் குறுக்குவாக்கில் பூட்டப்பட்ட ஒரே பட்டை ஸ்பிரிங், இரு பக்கமும் நீண்டு, சக்கரங்களுக்கு அருகே உள்ள செங்குத்து இணைப்புகளின் மேல்முனையைப் பிடித்துக்கொள்கிறது. சக்கரம் முன்பின் நகராமல் ரேடியஸ் ஆர்ம் என்ற கை ஒன்று தாங்குகிறது. 1959இல் இங்கிலாந்தில் அறிமுகமான ட்ரையம்ப் ஹெரால்டின் அமைப்பு இது. 1961 முதல் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக உருவானபோதும் இதே அமைப்புதான் வந்தது. பின்னர் அதே ஆலையில் கெஸல் என்ற கார் வந்தபோது இதைக் கைவிட்டு, நம் சாலைகளில் பழகிய முழு ஆக்சிலுக்கு மாறினார்கள். அந்த மாற்றத்தை மெக்கானிக்குகள் வரவேற்றதில் காரணம் இருந்தது.

இந்த அமைப்பில் உயரத்தையும் சக்கரச் சாய்வையும் பிரிக்க முடியாது. உடலை உயர்த்தினால் கீல் உயர்கிறது. சக்கரத்தின் அடி உள்ளே இழுபட்டு, தலை வெளியே சாய்கிறது. மூட்டிலிருந்து சக்கரத்தின் நடுக்கோடு வரை இந்த வண்டியில் ஏறத்தாழ அரை மீட்டர். அந்த நீளத்தில் 25 மி.மீ. உயர்வு என்பது கிட்டத்தட்ட 3 பாகைச் சாய்வு. கேட்கப்பட்ட 2 அங்குலத்தை, அதாவது 50 மி.மீ.ஐ, ஸ்பிரிங் வழியாகவே கொடுத்திருந்தால் 5.7 பாகை. மைனஸ் 3இல் நின்ற சக்கரம் பிளஸ் 2.7 பாகைக்குப் போயிருக்கும். அதுவும் ஓட்டுநர் ஏறிய நிலையில். வண்டி ஒரு மேட்டைத் தாண்டி இறங்கும் கணத்தில் பின்பக்கம் மேலும் எழும்போது சாய்வு இன்னும் கூடும்.

சாய்வு கூடினால் டயர் ஓரம் தேயும் என்பது சிறிய நட்டம். பெரியது வேறு. வளைவில் திரும்பும்போது வெளிப்புறப் பின்சக்கரத்தின் அடியைச் சாலை உள்நோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுவிசை டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து டிஃபரன்ஷியல் அருகே உள்ள மூட்டை நோக்கிச் செல்கிறது. மூட்டு தரையைவிட உயரத்தில் இருப்பதால் விசையின் ஒரு பகுதி உடலை மேல்நோக்கித் தூக்குகிறது. உடல் எழ எழச் சக்கரத்தின் அடி உள்ளே மடிகிறது. மடிய மடியத் தூக்கும் விசையின் செங்குத்துப் பங்கு கூடுகிறது. ஓட்டுநர் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டாலோ, பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னே சாய்ந்து பின்பக்கம் இன்னும் இலேசாகி, மடிப்பு முழுமையாகிறது. வண்டியின் வால் சட்டென்று வெளியே வீசும். ஈரச் சாலையில் டயரின் பிடி குறைவதால் இந்தத் தூக்கு விசையும் குறையும் என்பது உண்மைதான். ஆனால் காய்ந்த திட்டும் நனைந்த திட்டும் மாறி மாறி வரும் நம் சாலையில் அந்தக் குறைவை நம்பி இருக்க முடியாது.

தளர்ந்த பட்டையோடு இந்த வண்டி இத்தனை ஆண்டுகள் அமைதியாக ஓடியதற்கும் இதுவே விளக்கம். சாய்ந்து நின்ற பின்சக்கரங்கள் பார்வைக்கு அழகாக இல்லாவிட்டாலும் வளைவில் வண்டியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. உயரத்தை முழுதாக மீட்டுக் கொடுப்பது என்பது அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகும். எனவே நாங்கள் எல்லையை உயரத்தில் வைக்கவில்லை, சாய்வில் வைத்தோம். ஓட்டுநர் மட்டும் ஏறியிருக்கையில் பின்சக்கரம் மைனஸ் 1 பாகைக்கு மேல் நிமிரக் கூடாது. அந்த எல்லைக்குள் பின்பக்கத்தை 18 மி.மீ. உயர்த்தலாம், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் இல்லை.

கூடுதல் பட்டை யோசனை ஏன் தள்ளப்பட்டது என்பதையும் இங்கே பதிவு செய்வது நல்லது. பட்டை சேர்ந்தால் உயரத்தோடு கடினமும் கூடும். பின்னால் மூவர் ஏறினாலும் சக்கரம் பழைய சாய்வுக்கு இறங்கி வராது. அதைவிட முக்கியமாக, நடுவில் இறுகப் பூட்டிய ஒரே குறுக்குப் பட்டை இரண்டு சக்கரங்களுக்கும் பொதுவானது என்பதால், வண்டி வளைவில் சாய்வதை அதுவே எதிர்க்கிறது. கடினம் கூடினால் அந்த எதிர்ப்பும் கூடி, வெளிப்புறப் பின்டயரின் மேல் சுமை ஏறுகிறது. ட்ரையம்ப் நிறுவனமே பிற்காலத்தில் தன் ஸ்பிட்ஃபயர் காரில் அடிப்பட்டையை மட்டும் இறுக்கிப் பூட்டி, மற்றவற்றை நடுவில் அசையவிட்டு இந்தக் குறையைத் தணித்தது. நாம் பட்டையைச் சேர்த்தால் எதிர்த்திசையில் போகிறோம்.

கட்டை வைக்கும் வழியும் ஹெரால்டில் தலைகீழாகவே வேலை செய்யும். ஆக்சிலின் மேல் பட்டை அமரும் லாரியில் இரண்டுக்கும் இடையே கட்டை வைத்தால் உடல் உயரும். ஹெரால்டில் பட்டைக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையே கட்டை வைத்தால் பட்டையும் அதன் முனைகளும் உயர்ந்து, சக்கரங்கள் மேலே ஏறி, வண்டி தாழ்ந்துபோகும். பந்தயத்துக்காக வண்டியைத் தாழ்த்துபவர்கள் செய்வது அதுதான். பின்பக்கத்தை உயர்த்த விரும்பினால் பட்டையின் வளைவைத்தான் கூட்ட வேண்டும். வேறு நேர்மையான வழி இல்லை.

செய்த வேலை

முன்பக்கத்திலிருந்து தொடங்கினோம். ஹெரால்டில் முன் பானட்டும் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்னோக்கித் திறப்பதால், டயரின் மேலேயே உட்கார்ந்துகொண்டு சஸ்பென்ஷனைப் பார்க்கலாம். இந்த வசதியை நினைத்து இதன் மற்றக் குறைகளை மன்னிக்கும் மெக்கானிக்குகளை நான் அறிவேன். மேலும் கீழும் இரு கைகள், இடையே ஷாக் அப்சார்பரைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங் என்ற அமைப்பு இது. ஸ்பிரிங்கின் மேல்தட்டுக்கு அடியில் வளையம் வைத்து உயர்த்தினோம். ஸ்பிரிங் கீழ்க்கையின் முனையில் அல்லாமல் உட்பக்கமாகத் தள்ளிப் பூட்டப்பட்டிருப்பதால், வளையத்தின் தடிமனைவிடச் சக்கரத்தில் கிடைக்கும் உயர்வு அதிகம். வலப்பக்கம் 12 மி.மீ. வளையமும் இடப்பக்கம் 8 மி.மீ. வளையமும் வைத்ததில் முறையே 19, 13 மி.மீ. கிடைத்து, இரு மூலைகளும் சமமாயின.

வளையத்தை அலுமினியத்தில் கடைவது எளிது, எடையும் குறைவு என்று லேத் பட்டறையில் சொன்னார்கள். காசிமேட்டுக் கடற்காற்று வீசும் இடத்தில் இரும்பும் அலுமினியமும் ஈரத்தோடு ஒட்டிக் கிடந்தால் இரண்டிலொன்று அரித்துப்போகும். ஆகவே இரும்பிலேயே கடைந்து, பிரைமர் அடித்துப் பூட்டினோம். ரப்பர் என்ற முதல் யோசனை, அழுந்தி ஓரம் பிதுங்கிவிடும் என்பதால் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. வளையத்தை இதைவிடத் தடிமனாக வைக்கவும் இயலாது. சக்கரம் பள்ளத்தில் கீழிறங்குவதற்கு ஷாக் அப்சார்பரின் மிச்ச நீளம்தான் எல்லை. உடலை உயர்த்தும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த மிச்சத்திலிருந்து கழிகிறது. மிச்சம் தீர்ந்தால் ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர் முழுதாக நீண்டு ‘டக்’கென்று இடிக்கும், அதன் புஷ்கள் சீக்கிரமே கிழியும்.

முன்பக்கத்தைத் திறந்ததில் உயரத்தைவிட அவசரமான ஒன்று கண்ணில் பட்டது. ஹெரால்டின் செங்குத்து இணைப்பு, கீழே திருகுமரை கொண்ட ஒரு பித்தளை ட்ரன்னியனுக்குள் அமர்ந்து திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் அடித்தால் அது மரையின் அடிவரை போய்ச் சேராமல் இறுகி நின்றுவிடும். அடியில் தண்ணீர் தேங்கி, இரும்பு மரையைத் துரு அரிக்கும். ஒரு நாள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இணைப்பு முறிந்து சக்கரம் படுத்துவிடும். பழைய ஹெரால்டுகளின் பெயர்போன மரணம் இது. கண்ணில் பட்ட நிப்பிளில் எல்லாம் கிரீஸ் அடிப்பது நம் பட்டறைகளின் நல்ல பழக்கம்தான். இந்த ஓரிடத்தில் மட்டும் அது கெடுதலாகிறது. இடப்பக்க இணைப்பின் மரையில் துரு ஆழமாக இறங்கியிருந்ததால் அதை மாற்றினோம். இரு பக்கமும் 90 எண் கியர் ஆயில் நிரப்பினோம். உயர்த்தும் வேலை ஒத்திப்போயிருந்தாலும் இதைச் செய்யாமல் வண்டியை வெளியே அனுப்பியிருக்க முடியாது.

பின்பட்டையைக் கழற்றுவது பொறுமையைச் சோதிக்கும் வேலை. பின்னிருக்கையை எடுத்து, தரைத்தகட்டு மூடியைத் திறந்து, மேலிருந்து நட்டுகளைக் கழற்ற வேண்டும். அதற்குமுன் சக்கரத்தின் செங்குத்து இணைப்பை ஜாக்கியால் தாங்கியே ஷாக் அப்சார்பரைக் கழற்ற வேண்டும். சக்கரம் கீழிறங்காமல் தடுத்து நிறுத்துவது அந்த ஷாக் அப்சார்பர்தான் என்பதை மறந்தவர்கள் பட்டையின் விசையைக் கைமேல் வாங்கியிருக்கிறார்கள். பட்டையின் இரு கண்களிலும் போல்ட் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒன்றாகியிருந்ததால் அறுத்தே எடுத்தோம்.

பட்டைகளைப் பிரித்துச் சுத்தம் செய்து, மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சுண்ணாம்பு பூசி, வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்தோம். வெடிப்பிருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் சுண்ணாம்பில் கோடாகக் கசியும். கோடு எதுவும் தெரியவில்லை. பிறகு வளைவு ஏற்றுவது. உலையில் சிவக்கக் காய்ச்சித் தட்டினால் வளைவு உடனே வரும். ஆனால் எஃகின் பதம் போய்விடும். மீண்டும் முறையாகத் தோய்த்துப் பதமேற்றாவிட்டால் சில மாதங்களில் பட்டை பழையபடி படுத்துவிடும். ஆகவே காய்ச்சாமலே, ஒவ்வொரு பட்டையாக அச்சில் வைத்து, முனையிலிருந்து நடுவுக்கு நெருங்கிய அடிகளாகத் தட்டி வளைவு ஏற்றச் சொன்னோம். வியாசர்பாடியில் இன்னும் இதைச் செய்யக்கூடிய கைகள் இருக்கின்றன. அரை நாள் வேலை ஒன்றரை நாளாக நீண்டது. பட்டறைக்காரர் அதை வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். கட்டிய பட்டையை அழுத்தியில் வைத்துப் பலமுறை நேராகும்வரை அமுக்கி விட்ட பிறகே வண்டியில் ஏற்றினோம். தொடக்கத்தில் 22 மி.மீ. உயர்வு காட்டியது, ஓட்டத்தில் 4 மி.மீ. அடங்கி, தீர்மானித்த 18இல் நின்றது. பின்சக்கரச் சாய்வு மைனஸ் 1 பாகை.

முன்சக்கரங்களின் டோ-இன் அளவை, அதாவது அவற்றின் முன்னோரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவை, புதிதாக வைத்தோம், ஏனெனில் உயரம் மாறினால் ஸ்டியரிங் கைகளின் சாய்வும் மாறுகிறது. காற்று முன்னால் 24, பின்னால் 28. பின்னால் அதிகம் வைப்பது இந்த வகைப் பின்பக்கத்துக்கு ஒரு சிறிய காப்பு.

தண்ணீர் பற்றிய கணக்கு

சஸ்பென்ஷனை உயர்த்தினால் வெள்ளத்தில் ஓடலாம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அதில் ஒரு பகுதிதான் சரி. ஸ்பிரிங்கை உயர்த்தினால் உயர்வது உடலும், உடலோடு பூட்டியவையும்: எஞ்சின், மின்விசிறி, டிஸ்ட்ரிபியூட்டர், தரைத்தகடு, ஹெரால்டில் டிஃபரன்ஷியலும். சக்கரத்தின் நடு அச்சு உயர்வதில்லை. அதனோடு இருக்கும் பிரேக் டிரம்மும் பேரிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்தக்கூடியது டயர் மட்டுமே. புதிய டயரில் சக்கரத்தின் ஆரம் 281 மி.மீ.; முன் டிரம்மின் ஆரம் ஏறத்தாழ 100. எனவே தண்ணீர் 180 மி.மீ. ஆழத்தைத் தாண்டினால், சஸ்பென்ஷன் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், முன் பிரேக்குகள் நனையும். நனைந்த டிரம் பிரேக் முதல் சில மிதிகளுக்குப் பிடிக்காது. தண்ணீரைக் கடந்ததும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை இலேசாக மிதித்துக் காயவைக்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்த வண்டி நின்ற சந்தில் தண்ணீர் முழங்காலைத் தாண்டித் தேங்கியது. அப்போது புகுந்த நீரின் அடையாளம் டிஃபரன்ஷியல் ஆயிலில் இன்னும் இருந்தது. வடித்தபோது சாம்பல் நிறக் குழம்பாக வந்தது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, சுவாசத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். தேங்கிய நீரில் நிற்பதும், சூட்டோடு தண்ணீருக்குள் ஓட்டுவதும் தனித்தனி ஆபத்துகள், 18 மி.மீ. உயர்வு இரண்டில் எதையும் தீர்க்காது.

உரிமையாளரோடு சேர்ந்து ஓர் எல்லையை ஒத்துக்கொண்டோம். தண்ணீர் ரிம்மின் கீழ்விளிம்பைத் தாண்டி ஏறியிருக்கும் தெருவுக்குள் வண்டி போகாது. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எவ்வளவு என்று பார்க்கவும் தேவையில்லை, திரும்பிவிடுவதே வழி. அங்கே பேருந்தே மாட்டிக்கொள்ளும்போது இந்தக் காருக்கு 2 அங்குலத்தில் என்ன கிடைத்துவிடும்?

வேகத்தடைகள் பற்றிய கணக்கு இதைவிட ஆறுதலானது. இந்தியச் சாலைப் பேராயத்தின் அளவுப்படி வட்ட வடிவ வேகத்தடை 10 செ.மீ. உயரமும் 3.7 மீட்டர் அகலமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டது. ஹெரால்டின் முன்பின் சக்கர இடைவெளி 2.32 மீட்டர். அந்த வளைவின் மேல் இரு சக்கரங்களும் நிற்கும்போது நடுவில் வளைவு எழுவது 40 மி.மீ. மட்டுமே, பழைய 112 மி.மீ. உயரத்திலேயே இந்த வண்டி அதைத் தட்டாமல் கடந்திருக்கும். தட்டியவை எல்லாம் அளவில்லாமல் கட்டிய குறுகிய திட்டுகள். அரை மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள திட்டு இரு சக்கரங்களுக்கும் நடுவே வரும்போது முழு 100 மி.மீ.ஐயும் கேட்கும், இரண்டு பேர் பின்னால் ஏறி வண்டி சற்றுத் தாழ்ந்தால் மோதல் உறுதி. சந்தின் திட்டுகளைச் சாய்வாக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றிக் கடப்பது பலருக்கும் தெரிந்த உபாயம். ஹெரால்டின் திருப்பு வட்டம் மிகச் சிறியது என்பதால் இந்த வண்டிக்கு அது எளிது.

முடிவில் கிடைத்தது

கிளாம்பின் உயரம் 112 மி.மீ.இலிருந்து 166 மி.மீ. ஆயிற்று. அதில் 24 குழாயைச் சரிசெய்ததால் வந்தது, 14 டயரால் வந்தது, 16 மட்டுமே சஸ்பென்ஷனால் வந்தது. உரிமையாளர் கேட்ட 2 அங்குலம் வண்டியின் அடியில் கிடைத்துவிட்டது; வண்டியின் உடல் உயர்ந்தது 30 மி.மீ. அளவுக்குத்தான்.

ஓட்டிப் பார்த்தபோது மிக மோசமான நிலையிலேயே பார்த்தோம்: ஓட்டுநர் மட்டும், டாங்கில் குறைந்த பெட்ரோல், எண்ணூர் விரைவுச் சாலை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் தடம் மாறியபோது வால் அசையவில்லை. வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டபோது பின்பக்கம் முன்பைவிடச் சற்று எழுவதை உணர முடிந்தது. ஆபத்தான அளவில் இல்லை. ஆனால் முன்பு இல்லாத ஒன்று. அதை உரிமையாளரையே ஓட்டச் செய்து காட்டினோம். சொல்லிக் கேட்பதைவிட இருக்கையில் உணர்ந்தால் நினைவில் நிற்கும் என்பதற்காக.

சட்டத்தின் பக்கமும் ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதித் திருத்தத்தின்படி 50 ஆண்டுகளைக் கடந்த, மூலவடிவில் உள்ள, சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத வண்டிகளைப் பழம்பெரும் வாகனமாக, வி.ஏ. என்ற எழுத்துகளோடு பதியலாம். அப்படிப் பதிந்தால் அன்றாடப் பயணத்துக்கு ஓட்ட இயலாது என்பதால் இவர் அதை இப்போது நாடவில்லை. ஆனாலும் அந்த வாசலை அடைக்காத வகையில்தான் வேலை நடந்தது: சேஸிஸில் ஒரு துளைகூடப் போடவில்லை, எதையும் வெட்டி ஒட்டவில்லை, இரும்பு வளையங்களை எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம்.

தை பிறந்தபின் வண்டி மீண்டும் பட்டறைக்கு வர வேண்டும். ட்ரன்னியன்களில் கியர் ஆயிலைப் புதிதாக ஏற்றுவது, டிஃபரன்ஷியல் ஆயிலின் நிறத்தைப் பார்ப்பது, பின்சக்கரச் சாய்வைத் திரும்ப அளப்பது ஆகியவை அப்போதைய வேலை. பட்டை மேலும் அடங்கிச் சாய்வு மைனஸ் 2 பாகையைத் தாண்டியிருந்தால் மறுபடி தட்டுவதா, இறக்குமதிப் பட்டைக்குப் பணம் திரட்டுவதா என்பதை அளவு கையில் வந்த பிறகு முடிவு செய்யலாம் என்று உரிமையாளரும் சம்மதித்திருக்கிறார். ரேடியஸ் ஆர்ம்களின் புஷ்கள் இன்னும் பழையவையே. புதியவை வந்து சேராததால் அந்த வேலை மட்டும் நிலுவையில் இருக்கிறது.